சாம்பிராணி என்று எழுதப்பட்ட புகை

பிஸ்கட் டின்னின் மூடி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. பைன் மரப் பிசினின் வாசனை. சாம்பிராணிக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க, இனிப்பில் முடியும் ஒரு கசப்பு. உன் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இத்தனை காலம் அடைபட்டுக் கிடந்தும் அது சற்றும் வலுவிழக்கவில்லை. நீ இறந்து எட்டு மாதமாகிறது.

டின்னைக் கொண்டுவந்தவள் உன் மகள். ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அம்மா சொல்லி வச்சிருந்தாங்க மாமா. நீங்களா கேட்டாத்தான் இத குடுக்கணும்னு. நீங்க கேக்கவே இல்ல. நானும் சும்மா வச்சிருந்தேன் லா.”

“இப்பவும் நான் டின்னக் கேக்கலையே.”

“அம்மாவோட பழைய தாளு ஏதும் இருக்கான்னு கேட்டீங்கள்ல. அது போதும்.”

உன் மகள்தான், ஐயமில்லை.

உள்ளே, உருக்கி ஒட்டுவதற்கான பற்றாசுக் கம்பிச் சுருள் ஒன்று பாதி தீர்ந்து கிடந்தது. பழுப்பு நிறப் பிசின் கட்டி ஒன்று, மூச்சை ஊதி அளக்கும் சாம்பல் நிறக் குழல் ஒன்று, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய நாட்காட்டித் தாள்களின் தடித்த கட்டு ஒன்று. நான் தொட்டதும் ரப்பர் வளையம் பொடியாக உதிர்ந்தது.

நான் பழைய தாள்களைத் தேடியதற்குக் காரணம் ஸ்டெல்லா. உன் இருக்கைக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, உன்னைப் போலவே மின்சுற்றுப் பலகைகளில் பற்றாசு வைத்தவள். இன்றும் அதே தொழிற்சாலையில், அதே வரிசையில்தான் இருக்கிறாள். இப்போது அவளுக்கும் மூச்சு இழுக்கிறது. வேலையால் வந்த நோய் என்று விண்ணப்பித்திருக்கிறாள். வரும் வியாழக்கிழமை, கம்பெனிக்குத் தொடர்பில்லாத ஓர் அலுவலகத்தில் விசாரணை. அவர்கள் ஏற்றுக்கொண்டால், புகையை உறிஞ்சும் குழாய்களை அந்த வரிசையின் முப்பது இருக்கைகளிலும் மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். ஏற்காவிட்டால், முப்பது பெண்களும் இன்றைக்குப் போலவே நாளைக்கும் புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

கம்பெனி அனுப்பிய மறுப்புக் கடிதத்தை அவள் சென்ற வாரம் என்னிடம் நீட்டினாள். “நாலாவது பத்திய மட்டும் படிங்கண்ணே” என்றாள்.

விண்ணப்பதாரர் எஸ்டேட்டில், ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தின் அருகே வளர்ந்தவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டில் சாம்பிராணி போடும் வழக்கமுடையவர். ஆகவே நோய்க்குக் காரணம் வேலையிடம் என்று கருத இடமில்லை. நான்காம் பத்தி அவ்வளவுதான்.

“அண்ணே, நான் பெந்தகோஸ்து. எங்க வீட்டுல ஊதுபத்திகூடக் கிடையாது. எங்கப்பா தைப்பிங்ல லோரி ஓட்டுனவரு. எஸ்டேட்ட நான் பஸ்ஸுல போறப்ப பாத்ததோட சரி.”

அது உன் பத்தி. பதினோராண்டுகளுக்கு முன் உன்னைப் பற்றி எழுதப்பட்டது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர், இரண்டு பெண்களுக்கும் ஒரே தெய்வமா, ஒரே ஊரா என்று விசாரிக்கும் அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. நான் கடிதத்தை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். பசியாறிவிட்டாளா என்று கேட்டேன். என் குரல் உயரவில்லை. சினம் கைக்கு இறங்கினால் எழுத்து கோணும். இந்த வாரம் என் எழுத்து கோணக் கூடாது.

நாம் இருவரும் பீடோருக்கு அருகே ஒரே எஸ்டேட்டில் பிறந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். அமிலம் ஊற்றினால்தான் ரப்பர் பால் உறையும் என்று வாத்தியார் சொன்ன அன்று, நீ பால் சேகரிக்கும் மங்கு ஒன்றில் கொஞ்சம் பாலை எடுத்து, ஒன்றும் ஊற்றாமல் பள்ளிக்கூட வேலியோரம் வைத்தாய். மறுநாள் உறைந்த கட்டியை அவருடைய மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாய். நாற்றம் தாங்காமல் வகுப்பே வெளியே போயிற்று. யார் எதைச் சொன்னாலும், தானே ஒரு முறை செய்து பார்க்காமல் நம்பாத பிள்ளை நீ. அதை நான் மறந்தது என் பெரும் பிழை.

எஸ்டேட் கைமாறிக் குடும்பங்கள் சிதறிய பிறகு நான் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படித்தேன். ஈப்போவுக்குத் திரும்பி, அந்தத் தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்த முதல் வாரம், வரிசையின் கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“சார் எந்த எஸ்டேட்டு?”

“பீடோர் பக்கம்” என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

“அங்க ஆறாம் வகுப்புல ஒருத்தன் எப்பப் பாத்தாலும் மூக்கு ஒழுவிக்கிட்டே இருப்பான். அவனத் தெரியுமா சார்?”

வரிசை முழுவதும் சிரித்தது. நான் நிமிர்ந்தேன். அன்றிலிருந்து மற்றவர்கள் முன்னிலையில் நான் உனக்கு ‘சார்’. பஸ் நிறுத்தத்தில் ‘டேய்’.

பற்றாசை வெளியார் ஏதோ உலோகப் பசை என்று எண்ணுவார்கள். வெள்ளீயம் இருநூற்று முப்பத்திரண்டு பாகை வெப்பத்தில் உருகும். காரீயத்துக்கு முந்நூற்று இருபத்தேழு வேண்டும். அறுபத்து மூன்றுக்கு முப்பத்தேழு என்ற விகிதத்தில் இரண்டையும் கலந்தால், இரண்டையும்விடத் தாழ்ந்து, நூற்று எண்பத்து மூன்றிலேயே இளகிவிடும். அந்த ஒரு விகிதத்தில் மட்டும், கூழாக நிற்கும் இடைநிலை இன்றி, ஒரே புள்ளியில் நீராகவும் ஒரே புள்ளியில் திடமாகவும் ஆகும். நான் படித்த பாடங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்த வெள்ளீயத்துக்காகத்தான் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கைத் தோண்டினார்கள். பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையோரக் குட்டைகளெல்லாம் அந்தக் குழிகள்தாம். நம் கம்பெனி பஸ் தினமும் அவற்றைக் கடந்துதான் போயிற்று.

நான் வரைபடத்தில் கண்டதை நீ விரலில் வைத்திருந்தாய். புதிதாக வரும் பெண்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வாய். “சூட்டுக்கோல எடுத்ததும் ஒண்ணு, ரெண்டு, மூணு. அது வரைக்கும் கைய ஆட்டாத. தும்மல் வந்தாலும் அப்புறமா தும்மிக்க.” உறையும் கணத்தில் கை அசைந்தால் இணைப்பு வெளுத்துச் சொரசொரத்துப் போகும். பார்வைக்குப் பிடித்திருப்பதுபோல் தெரியும். பிறகு எப்போதோ, யார் வீட்டிலோ, அந்தக் கருவி பேசாமல் நின்றுவிடும். உன் இணைப்புகள் அப்படி நின்றதாக நான் கேட்டதில்லை.

பற்றாசுக் கம்பியின் நடுவே மெல்லிய நரம்புபோலப் பிசின் ஓடும். செம்பின் மேலுள்ள களிம்பைக் கரைத்து, பற்றாசு பிடிப்பதற்கு வழிவிடுவது அதன் வேலை. சூட்டுக்கோல் பட்டதும் அதுதான் முதலில் புகையும். ஓர் இணைப்புக்கு ஒரு சிறு வெண்புகை; ஒரு நாளைக்கு எத்தனை இணைப்பு என்று உனக்கே தெரியாது. அந்தப் புகையை இழுப்பதற்காக ஒவ்வோர் இருக்கைக்கும் மேலிருந்து வளையும் குழாய் ஒன்று இறங்கியிருந்தது. வாய் அகன்று, நுனி அசையும்படி இருந்ததால் நீங்கள் அதற்குத் ‘தும்பிக்கை’ என்று பெயரிட்டிருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் செய்ததை நான் பார்த்தேன். விடியலில் தலைக்கு ஊற்றிவிட்டு, ஈரம் உலராமல் ஓடிவந்து பஸ் பிடித்தவர்கள் நீங்கள். வீட்டில் சாம்பிராணி போட்டுக் கூந்தலை ஆற்ற நேரமில்லை. வரிசையில் உட்கார்ந்ததும் தும்பிக்கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் பத்து இணைப்புகளின் புகையைத் தலையைச் சாய்த்துக் கூந்தலில் வாங்கிக்கொள்வீர்கள்.

“பாருங்க சார், கம்பெனி நமக்கு ஓசியில சாம்பிராணி போடுது” என்றாய். “சளிக்கும் நல்லது.”

நான் சிரித்தேன். தும்பிக்கைகளை நேராக வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். பிசின் புகையில் இருக்கும் அமிலங்கள் சிலருடைய மூச்சுக்குழலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகைத்துக்கொள்ளும் என்பதும், ஒருமுறை பகைத்துவிட்டால் பிறகு துளிப் புகையே போதும் என்பதும் நான் படித்த நூல்களில் இருந்தன. ஆனால் அதைச் சொல்லும் பாடம் தேர்வுக்கு வரவில்லை. நல்ல வாசனை கெடுதல் செய்யும் என்று நம் வீடுகளில் யாரும் சொன்னதும் இல்லை. நான் சிரித்துவிட்டுப் போனேன். அந்தச் சிரிப்புக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

ஒரு நாள் உன்னை ஏமாற்ற எண்ணி, ஆய்வுக்கூடத்தில் பிஸ்மத்து, காரீயம், வெள்ளீயம், காட்மியம் நான்கையும் உருக்கி ஒரு சிறிய கரண்டி வார்த்துக்கொண்டு வந்தேன். எழுபது பாகையில் உருகும் கலவை அது. ஆளில்லாத உணவுக்கூடத்தில், பாலில்லாமல் ஆவி பறக்கும் உன் தே ஓ கோப்பைக்குள் அதை விட்டு, கலக்கச் சொன்னேன். இரண்டு சுற்றுக்குள் உன் கையில் காம்பு மட்டும் மிஞ்சியது.

நீ கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாய். அடியில் வெள்ளித்துளிபோல அது உருண்டுகொண்டிருந்தது.

“நாலு வருசம் படிச்ச படிப்பு தேயில கரைஞ்சு போச்சுடா” என்றாய். “இத எதுக்கு செய்றாங்க? ஏழைங்க தேய கெடுக்கவா?”

நஞ்சு என்று சொல்லி அந்தத் தேநீரைக் கொட்டிவிட்டு வேறு வாங்கித் தந்தேன். பிறகு கூரையைக் காட்டினேன். தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்களின் வாயில் இதே போன்ற கலவையில் ஒரு சிறு பூட்டு இருக்கிறது. அறை கொதித்தால் அந்தப் பூட்டு இளகி விழும், யாரும் தொடாமலேயே தண்ணீர் கொட்டும் என்றேன். கொதிகலன்களிலும் இப்படி உருகி விழுந்து காப்பாற்றும் அடைப்பான் உண்டு, சோறு வேகும் மின்பாத்திரத்துக்குள்ளும் ஒரு துண்டு உண்டு என்றெல்லாம் அடுக்கினேன். நீ நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு, காரீயம் கலந்த பொருள்களை வாங்கமாட்டோம் என்று ஐரோப்பாவில் சட்டம் வந்தது. காரீயத்தை நீக்கி, வெள்ளீயத்துடன் வெள்ளியும் செம்பும் சிறிதளவு சேர்த்த புதிய பற்றாசுக்கு மாறும் பணியைக் கம்பெனி என்னிடம் ஒப்படைத்தது. அது நல்ல பணி என்றுதான் நம்பினேன். உணவுக்கூடத்தில் உங்கள் அனைவரையும் உட்காரவைத்துத் தமிழிலேயே பேசினேன்.

“இனிமே இதுல ஈயம் கிடையாது. பயப்பட ஒண்ணும் இல்ல.”

நீ மட்டும் கை தூக்கினாய். “அப்ப ஏன் சார் கோலு சூட்ட ஏத்தியிருக்கு?”

“இது உருகுறதுக்கு இருநூத்திப் பதினேழு வேணும். அதான்.”

“சூடு ஏறுனா புகையும் ஏறும்ல?”

“அது வெறும் பிசின்தான்” என்றேன்.

வெறும் என்று சொன்னேன். இன்றும் அந்தச் சொல்லை வேறு வாக்கியங்களில்கூட எழுதுவதற்கு எனக்குக் கை வருவதில்லை.

புதிய இணைப்புகள் பழையவைபோல் மின்னாமல் மங்கலாக இருந்தன. “மூஞ்சி கழுவாத மாதிரி இருக்கு சார், இதுக்கு எப்படி மார்க்கு போடுறது?” என்று அலுத்துக்கொண்டாய். அதற்கு என்னிடம் விரிவான விடை இருந்தது. புகையைப் பற்றி நீ கேட்டதற்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது.

என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: ‘காரீயத்தால் விளையும் ஆபத்து முற்றிலும் நீங்குகிறது.’ அது உண்மை. அந்த உண்மையை எடுத்துக்கொண்டு, தயாரிப்பு மேலாளர் ஒரு வார இறுதியில் முப்பது தும்பிக்கைகளையும் கழற்றினார். ஆபத்து நீங்கிவிட்டதென்றால் குழாய் எதற்கு என்பது அவர் வாதம். இழுக்கும் காற்று கோலைக் குளிர்விக்கிறது, குழாய் இடத்தை அடைக்கிறது, மின்சாரம் தின்கிறது. அந்தக் குழாய்கள் காரீயத்துக்காக வைக்கப்பட்டவையே அல்ல. சூட்டுக்கோலின் வெப்பத்தில் காரீயம் புகையாகாது. அது விரலில் ஒட்டிச் சோற்றோடு உள்ளே போவது. புகை முழுவதும் பிசினுடையது. இதை நான் அறிவேன். ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டாவது மின்னஞ்சலை நான் அனுப்பவில்லை.

கூரையில் குழாய் இறங்கிய துளைகளை வட்டத் தகடுகளால் மூடினார்கள்.

உன் இருமல் அந்த ஆண்டின் முடிவில் தொடங்கியது. வேலை முடியும் நேரத்தில் நெஞ்சு விசிலடிக்கும்; ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அடங்கும்; திங்கள் மதியம் திரும்பவும் பிடிக்கும். மருந்தும் மாத்திரையுமாகச் சில ஆண்டுகள் இழுத்தாய். கடைசியாகப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர்தான் இந்தச் சாம்பல் நிறக் குழலைக் கொடுத்து, ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதி, வேலை நாளிலும் விடுமுறையிலும் எண்ணைக் குறித்து வைக்கச் சொன்னார். மூச்சு தாராளமாக இருந்தால் எண் ஏறும், அடைத்தால் இறங்கும். நீ குறிப்பேடு வாங்கவில்லை. தினமும் கிழிக்கும் நாட்காட்டித் தாளில், இராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினாய்.

அந்த நாள்களில் ஒருமுறை, வரிசையில் மூச்சு வாங்க எழுந்து நின்று, அருகே இருந்த என்னிடம் கூரையைக் காட்டினாய்.

“அந்தப் பூட்டு இன்னும் இருக்குல்ல?”

“இருக்கு.”

“கட்டடத்துக்குச் சூடு ஏறுனா அதுக்குத் தெரிஞ்சிடும். நல்லாருக்கட்டும்” என்றாய். பிறகு உட்கார்ந்து கோலை எடுத்தாய்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று: தும்பிக்கைகளைத் திரும்ப மாட்டுங்கள். அதற்காகத்தான் விண்ணப்பம் எழுதினாய். கம்பெனி தானே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தாய்க் கம்பெனியிலிருந்து வந்த மருத்துவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். உன் மலாய் அங்கே பயன்படவில்லை. மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். நீயும் என்னைத்தான் கேட்டிருந்தாய்.

அவர் உன் நாட்காட்டித் தாள்களைக் கையில் எடுத்து, ஒரு தெய்வப் படத்தைப் பார்த்துப் புன்னகைத்து, கீழே வைத்தார். சிறுவயதில் எங்கே வளர்ந்தாய் என்று கேட்டார். பிறகு, வீட்டில் சாம்பிராணி போடும் வழக்கம் உண்டா என்று கேட்டார். நான் உன்னிடம் கேட்டேன்.

நீ நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாய்: “போடுவேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, எங்கம்மா காலத்துலேருந்து. ஆனா அதுல எனக்கு ஒண்ணும் செய்யலயே. லைன்ல உக்காந்தாத்தான் இழுக்குது. லீவு விட்டா நல்லாயிருக்கேன். வேணும்னா அந்தத் தாளப் பாக்கச் சொல்லுங்க சார்.”

நான் ஆங்கிலத்தில், ஆம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்றேன். அடுத்த வாக்கியத்துக்கு மூச்செடுத்தபோது மேலாளர் உள்ளங்கையை உயர்த்தினார். கேட்டதற்கு மட்டும் விடை போதும் என்றார். மருத்துவர் எழுதத் தொடங்கியிருந்தார். அவருடைய பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் நிறுத்திக்கொண்டேன்.

உள்ளங்கை ஒன்று உயர்ந்தது. நான் வாயை மூடினேன். இதற்கு மேல் அந்த நிகழ்ச்சியில் ஒன்றுமில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை.

விண்ணப்பத்தை ஏற்கவில்லை என்று முடிவு வந்த அன்று பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாய்.

“பாதியதான்டா சொன்ன.”

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

“எனக்கு இங்லீசு பேச வராது. எண்ணத் தெரியும். நான் சொன்னது எத்தன வார்த்த, நீ சொன்னது எத்தன வார்த்த.”

பஸ் வந்தது. ஏறும்போது, “நாளைக்கு எட்டு மணிக்கு மீட்டிங்குன்னு சொன்னியே, லேட்டா வராத” என்றாய். அதன் பிறகு ஒருமுறைகூட நீ அதைப் பற்றிப் பேசவில்லை. தீபாவளிக்கு முறுக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. உன் மகளின் திருமணத்தில் என்னை முன் வரிசையில் உட்கார வைத்தாய். என்னைக் குத்திக்காட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ தாள்களைப் பற்றிப் பேசுவாய் என்று அஞ்சினேன் போலும். இரண்டு ஆண்டு கழித்து நான் வேலையை விட்டேன். அடுத்த ஆண்டு நீயும் விட்டாய். அதற்குள் தாமதமாகிவிட்டது, யார் வீட்டு வாசனைத் திரவியமும் உன்னைப் படுக்கையில் தள்ளும் நிலைக்கு வந்திருந்தாய்.

சென்ற ஆண்டு, காடெரியும் புகையான ஜெரெபு மலைகள் தெரியாதபடி மூடிய வாரத்தில், ஒரு காலைப் பொழுதில் நீ போனாய். துக்க வீட்டில் எல்லோரும் ஜெரெபுதான் கொண்டுபோய்விட்டது என்றார்கள். பிறந்த இடத்தில் புகைக்கூடம், வளர்ந்த வீட்டில் சாம்பிராணி, இறந்த வாரத்தில் காட்டுப் புகை. உன் வாழ்வில் இருந்த எல்லாப் புகைக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். நாள்தோறும் எட்டு மணி நேரம், முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் எழுந்த புகைக்கு மட்டும் ஏட்டில் இடமில்லை.

நேற்று முழுவதும் உன் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். கூடம் போதாமல் நாற்காலிகளை வெளியே போட்டேன். விசாரணைக்கு நீ கொண்டுவந்த தாள்களைத்தான் எதிர்பார்த்தேன். அவை இருந்தன. ஆனால் கட்டு அதோடு முடியவில்லை.

முடிவு வந்த மறுநாள் காலையிலிருந்து நீ புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறாய். இம்முறை எண்களுக்குப் பக்கத்தில் குறிகள் உண்டு. வேலைக்குப் போன நாளுக்குச் சிறு கோடு. சாம்பிராணி போட்ட நாளுக்குச் சிறு வட்டம். முதல் நாற்பத்தெட்டுத் தாள்களில் வட்டமே இல்லை. ஒரு மண்டலம். விரதம் இருப்பதுபோல் இருந்திருக்கிறாய், வெள்ளிக்கிழமைகளில்கூடப் போடவில்லை. ஆனால் கோடு போட்ட ஒவ்வொரு நாளும் காலையில் முந்நூற்றைத் தாண்டும் எண், மாலையில் இருநூற்றுச் சொச்சத்துக்கு விழுகிறது. பிறகு ஆண்டிறுதியில் ஆலையை மூடிய பத்து நாள்கள். அந்தப் பத்துத் தாள்களில் கோடே இல்லை, எல்லாவற்றிலும் வட்டம். சன்னலைச் சாத்திவிட்டு, தினமும் உட்கார்ந்து புகையை வாங்கியிருக்கிறாய். எண் இறங்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏறுகிறது. பத்தாம் நாள் அது இருந்த உயரத்துக்கு அந்த ஆண்டில் வேறெந்த நாளும் எட்டவில்லை.

சாம்பிராணிப் புகை நுரையீரலுக்கு நல்லது என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை, புகை புகைதான். ஆனால் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்துப் பார்ப்பதும், பிறகு மாற்றி வைத்துப் பார்ப்பதும்தான் சோதனை. அதைப் பட்டம் பெற்ற நான் செய்திருக்க வேண்டும். இழுக்கும் நெஞ்சோடு நீ செய்தாய், வாத்தியார் மேசையில் ரப்பர் கட்டியை வைத்த அதே பிடிவாதத்தோடு.

கடைசித் தாளைத் திருப்பினேன். இராசி பலனுக்குக் கீழே உன் குண்டு எழுத்து.

‘சாம்பிராணி இல்லாம நாப்பத்தெட்டு நாளு வேலைக்குப் போய்ப் பாத்தேன். வேலைக்குப் போகாம பத்து நாளு சாம்பிராணி போட்டுப் பாத்தேன். ரெண்டும் இதுல இருக்கு. மீதிய நீ சொல்லு.’

நானாகக் கேட்டால்தான் தர வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாய். பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்தாய். உன் வீட்டுக் கூடத்தில், அந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து, நான் எத்தனை முறை தே குடித்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

தாள்களை நகலெடுத்துவிட்டேன். எண்களை வரைபடமாக்கி ஒரே பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறேன். கோடு ஒரு நிறம், வட்டம் ஒரு நிறம். ஸ்டெல்லாவும் ஐந்து வாரமாக ஊதிக் குறித்திருக்கிறாள். அவளுடைய வரைபடமும் உன்னுடையதைப் போலவே வேலை நாளில் விழுந்து விடுமுறையில் எழுகிறது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறேன். என் பழைய அறிக்கையின் இரண்டாம் பக்கமும், பதில் வராத அந்த மின்னஞ்சலும் கோப்பில் இருக்கின்றன. அவை என்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல. நான் அறிந்திருந்தேன் என்பதற்குச் சான்றாக.

நேற்று மாலை ஸ்டெல்லா வந்து தாள்களின் நடுவே கால் வைக்க இடம் தேடி நின்றாள்.

“அக்கா எழுத்துதானே இது?” என்றாள். பிறகு, “வியாழக்கிழமை நீங்க எனக்கு மொழிபெயர்க்க வாரீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“அதுக்கு வேற ஆளு ஏற்பாடு பண்ணியாச்சு. நான் சாட்சி சொல்ல வாரேன்.”

சாம்பிராணிக் கேள்வி வரும். பத்தியைப் பிரதியெடுத்தவர்கள் கேள்வியையும் பிரதியெடுத்துக்கொண்டுதான் வருவார்கள். அறையில் எவரேனும் உள்ளங்கையை உயர்த்தவும் கூடும். என்னுள் இருப்பது ஆறிய சினமன்று, உறைந்த சினம். அதை நடுங்காமல் பிடிப்பதற்கு நீ சொன்ன முறை ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. கேள்வி முடிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். அதுவரை கையை அசைக்க மாட்டேன். பிறகு தாள்களை மேசையில் விரித்து, பதினோராண்டுகளுக்கு முன் ‘ஆனா’ என்று நீ தொடங்கிய இடத்திலிருந்து தொடங்குவேன்.